முப்பது ரூபாய் குமாஸ்தாவும் பூட்டிய அலமாரியும்

சென்னைத் துறைமுகத்துக்கு வந்து இறங்கும் சரக்குகள் ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. எந்தக் கப்பலில் எத்தனை மூட்டை வந்தது, எந்தக் கிடங்கில் அடுக்கினார்கள், கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் பேரேட்டில் ஏறிவிடும். 1912-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் தேதி, அந்தத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா வந்து சேர்ந்தார். அவருடைய தலைக்குள் இருந்த சரக்கைப் பதிந்து கொள்ள மாத்திரம் அந்தப் பேரேட்டில் இடம் இருக்கவில்லை. அவர் பெயர் ஸ்ரீநிவாஸ ராமானுஜம் என்பதை நாம் சொல்லாமலே நேயர்கள் ஊகித்திருப்பார்கள்.

ராமானுஜத்தின் கதையை நாம் எல்லோரும் பெருமையோடு சொல்லிக் கொள்கிறோம். நாமகிரித் தாயார் கனவில் வந்ததைச் சொல்கிறோம். எப். ஏ. பரீட்சையில் அவர் தேறாமல் போனதைக்கூடச் சற்றுச் சந்தோஷத்துடனேயே சொல்கிறோம். ஆனால் அந்தக் கதையில் நாம் அதிகமாகக் கவனியாத பாகம் ஒன்று இருக்கிறது. படிக்க வேண்டிய புத்தகம் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதே அது.

1903-ஆம் ஆண்டில், கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்தபோது, கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று அவருக்கு இரவலாகக் கிடைத்தது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காகச் செய்த புத்தகம் அது. ஆயிரக் கணக்கான தேற்றங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். நிரூபணம் என்று பார்த்தால் ஒன்றிரண்டு வரிக் குறிப்பு. பல இடங்களில் அதுவும் கிடையாது. ராமானுஜம் நிரூபணங்களைத் தாமே தேடிக் கண்டார். பிறகு புத்தகத்தில் இல்லாத தேற்றங்களையும் காணத் தொடங்கினார். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாததால் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் கொண்டார். பாரிஸிலும் பெர்லினிலும் கேம்பிரிட்ஜிலும் அச்சாகிக் கொண்டிருந்த கணித சஞ்சிகைகளில் பெரும்பாலானவை அவர் கைக்கு எட்டவே இல்லை.

இதனால் நேர்ந்த நஷ்டம் எவ்வளவு? அளந்து சொன்னவர் ஒருவர் உண்டு. 1913 ஜனவரி 16-ஆம் தேதி ராமானுஜம் கேம்பிரிட்ஜுக்கு எழுதிய கடிதத்தைப் பிரித்துப் பார்த்த ஹார்டிதான் அவர். இந்தியாவில் இருந்தபோது ராமானுஜம் செய்த சிறந்த வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஐரோப்பியர் முன்பே கண்டு வைத்ததை மறுபடியும் கண்டதுதான் என்று ஹார்டி பிற்காலத்தில் மதிப்பிட்டார். பகா எண்களைப் பற்றி ராமானுஜம் கொண்டிருந்த முடிவுகளில் சில தவறாகவும் போயின. அத்துறையில் வேண்டிய ஒரு சாஸ்திரத்தைச் சொல்லும் நூல்கள் அவரிடம் வந்து சேராததே அதற்குக் காரணம். முப்பத்திரண்டு வயதில் காலமாகிவிட்ட ஒரு மனிதருடைய ஆயுளில், பிறர் திறந்துவிட்ட கதவுகளையே மீண்டும் முட்டித் திறப்பதில் எத்தனை ஆண்டுகள் கழிந்தன என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

அவருக்கு ஜன்னல் திறந்துவிட்டவர்களும் நம்மவர்களே. வி. ராமஸ்வாமி ஐயர் என்ற டிப்டி கலெக்டர், கணிதப் பைத்தியம் பிடித்தவர். (அந்தக் காலத்து டிப்டி கலெக்டர்களுக்கு இவ்வளவு அவகாசம் இருந்தது!) ஒருவரே விலை கொடுத்து வாங்க முடியாத கணித நூல்களையும் சஞ்சிகைகளையும் பலர் சேர்ந்து சந்தா போட்டு வாங்கிப் படித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1907-இல் ஒரு சங்கம் ஆரம்பித்தார். அதுவே இந்தியக் கணித சங்கமாக வளர்ந்தது. அந்தச் சங்கத்தின் சஞ்சிகையில்தான் 1911-இல் ராமானுஜத்தின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. துறைமுகத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் அந்தச் சங்கத்தைச் சேர்ந்தவரே. ஆகவே, பெரிய உத்தியோகஸ்தர் ஒருவரின் தயவோடு, கூடிப் படிப்பதற்காக நாலு பேர் சேர்த்த காசும் அந்தக் குமாஸ்தாவைக் கைதூக்கி விட்டது என்று சொல்லலாம்.

அவருடைய நோட்டுப் புத்தகங்களின் சரித்திரமும் இதைப் போன்றதே. சென்னை சர்வகலாசாலையின் பாதுகாப்பில் வெகு காலம் இருந்த அவற்றை, 1957-இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் பக்கத்துக்குப் பக்கம் படம் பிடித்து இரண்டு பாகங்களாக வெளியிட்டார்கள். பின்னர், சென்னை தரமணியில் உள்ள கணித விஞ்ஞானக் கழகத்தின் இணையப் பக்கத்தில் அந்தத் தாள்கள் காசு கேட்காமல் ஏறின. அவருடைய கையெழுத்தை, அடித்தல் திருத்தல்களோடு, தேனி ஜில்லாவின் ஒரு கிராமத்துப் பையனும் பார்க்கும்படி ஆயிற்று. துறைமுகத்துக்கு அண்மையிலேயே, ராயபுரத்தில், பி. கே. ஸ்ரீநிவாசன் என்ற கணித ஆசிரியர் 1993-இல் ராமானுஜத்துக்கு ஒரு சிறு காட்சிசாலை அமைத்தார். வாழ்நாளெல்லாம் கடிதங்களையும் நினைவுக் குறிப்புகளையும் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர்.

இதெல்லாம் பழங்கதை, இப்பொழுதுதான் உலகமே கைக்குள் வந்துவிட்டதே என்று சிலர் சொல்லக்கூடும். நிற்க. இன்றைய விஞ்ஞான சஞ்சிகைகள் எப்படி நடக்கின்றன என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

காசிமேட்டில் ஒரு மீனவர் கடலுக்குப் போய் மீன் பிடித்து வருகிறார். படகுக்கும் டீசலுக்கும் ஊரார் வரிப்பணம் கொடுத்தார்கள் என்று வைத்துக் கொள்வோம். பிடித்த மீனை அவர் கரையிலுள்ள வியாபாரிக்கு இலவசமாகக் கொடுக்கிறார். மீன் நல்லதுதானா என்று வேறு இரண்டு மீனவர்கள் கூலியில்லாமல் பார்த்துச் சொல்கிறார்கள். பிறகு வியாபாரி அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, அதே மீனவரிடமும் அதே ஊராரிடமும் யானை விலை சொல்கிறார். காசிமேட்டில் இப்படி யாராவது செய்தால் அன்றைக்கே பஞ்சாயத்துக் கூடிவிடும்! ஆராய்ச்சி உலகிலோ இதுவே வெகு காலமாக வழக்கம். கட்டுரை எழுதும் விஞ்ஞானிக்குச் சன்மானம் இல்லை. அதைப் பரிசீலிக்கும் சக விஞ்ஞானிக்கும் பெரும்பாலும் இல்லை. எந்த ஸ்தாபனத்தையும் சேராத ஒருவர் ஒரே ஒரு கட்டுரையைப் படிக்க விரும்பினால் முப்பது நாற்பது டாலர் கேட்கிறார்கள். பத்துப் பக்கக் கட்டுரைக்கு மூவாயிரம் ரூபாய் வரை கொடுத்து, படித்த பிறகு அது நமக்கு வேண்டியது அல்ல என்று தெரிந்து கொள்ளலாம்.

இந்தப் பூட்டை உடைக்க முதலில் முயன்றவர்கள் விஞ்ஞானிகளே. 1991-இல் பால் கின்ஸ்பார்க் என்ற அமெரிக்க பௌதிக சாஸ்திரி, அச்சுக்குப் போகுமுன்பே கட்டுரைகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்கும் கணினிக் களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினார். 'ஆர்க்கைவ்' என்று பெயர் பெற்ற அதன் இந்தியப் பிரதி ஒரு காலத்தில் தரமணிக் கணித விஞ்ஞானக் கழகத்திலேயே இருந்தது. 2002-இல் புடாபெஸ்ட் நகரிலிருந்து வெளியான பிரகடனம் ஒன்று, ஆராய்ச்சிக் கட்டுரை யாவருக்கும் விலையின்றித் திறந்திருக்க வேண்டும் என்று கேட்டது. நமது சென்னையில் இதற்காக இடைவிடாமல் வாதாடியவர் சுப்பையா அருணாசலம். 2004-இல் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கென்றே பயிற்சி முகாம்கள் நடந்தன. ஸர் சி. வி. ராமன் 1934-இல் பங்களூரில் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகமோ, தன் சஞ்சிகைகளைக் காசு வாங்காமல் இணையத்தில் வைத்துவிட்டது.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்ஸில் 2013-இலும், மத்திய விஞ்ஞான இலாகாக்கள் 2014-இலும் விதி செய்தன. 2024 நவம்பரில் மத்திய மந்திரி சபை, 'ஒரே நாடு, ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. முப்பது பிரசுரகர்த்தர்களின் ஏறக்குறைய 13,000 சஞ்சிகைகளை, 6,300 சர்க்கார் கல்வி ஆராய்ச்சி ஸ்தாபனங்களில் உள்ள சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர் படிக்கலாம். 2025 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. சிறு ஊர்க் கலாசாலை மாணவருக்கு இது பெரிய உபகாரம் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. துறைமுகக் கணக்குப் பிரிவில் ஒரு குமாஸ்தா இருக்கிறார். அவர் எந்தக் கலாசாலையிலும் மாணவர் அல்ல, எஃப். ஏ. தேறாதவர். அவர் இந்த 1 கோடியே 80 லட்சத்தில் சேர்வாரா? சேர மாட்டார். துறைமுகம் கல்வி ஸ்தாபனம் அல்லவே! 1912-இல் கதவுக்கு வெளியே நின்றவர் இந்தத் திட்டத்திலும் வெளியேதான் நிற்பார். கட்டணத்தை வாசகரிடமிருந்து வாங்காமல் எழுதுகிறவரிடமிருந்து வாங்குவது என்ற புது முறை அவருக்கு அதைவிட மோசம். 'நேச்சர்' சஞ்சிகை ஒரு கட்டுரையைத் திறந்து வைப்பதற்கு 2021-இல் விதித்த கட்டணம் 9,500 யூரோ. எட்டு லட்சம் ரூபாய்க்கும் மேல். அஞ்சல் தலை ஒட்டிக் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதுவது எவ்வளவு மலிவு!

பூட்டை உடைத்துத் திருட்டுத்தனமாகக் கட்டுரைகளைக் கொடுத்து வந்த 'சை-ஹப்' என்ற தளத்தை இந்தியாவில் முடக்கும்படி 2025 ஆகஸ்டில் டில்லி உயர்நீதி மன்றம் உத்தரவிட்டது. சட்டம் சட்டந்தான். எனினும் அந்தத் தளத்தை நாடிப் போனவர்களில் பெரும்பாலோர் திருடர்கள் அல்லர், படிக்க விரும்பியவர்களே என்பது நம் அபிப்பிராயம்.

மேதைகள் அபூர்வம், அவர்களுக்காகவா இத்தனை பாடு என்று கேட்பவர்கள், ராயபுரத்திலிருந்து வடக்கே திருவொற்றியூர் கடந்து எண்ணூர் வரை ஒரு முறை போய் வரலாம். 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தது. இளைஞர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்தது; இம்முறை மணலிப் பக்கத்திலிருந்து, கழிக்குள்ளேயே. அனல் மின் நிலையத்தின் சாம்பல் ஆண்டுக் கணக்காகக் கொசஸ்தலை ஆற்றில் படிந்த கதை தனி. இந்தக் கழியின் சேற்றை எடுத்து, நீரை எடுத்து, மீனையும் நண்டையும் எடுத்து, அவற்றில் ஈயம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு என்று அளந்த ஆராய்ச்சிகள் பல உண்டு. அவற்றில் சில திறந்த சஞ்சிகைகளில் இருக்கின்றன. சில விலைப் பூட்டுக்குள் இருக்கின்றன. எந்த மனிதர் அந்தக் கழியில் இறால் பிடித்துத் தம் பிள்ளைகளுக்கும் சமைத்துக் கொடுக்கிறாரோ, அவருக்கு முடிவு தெரியாது. சேறு அவருடையது, சேற்றைப் பற்றிய செய்தி பிறருடையது.

திறந்து வைத்தாலும் அது ஆங்கிலத்தில் அல்லவா இருக்கிறது என்பீர்கள். உண்மைதான். ஆனால் திறந்திருந்தால், அந்தக் குப்பத்தில் கலாசாலைக்குப் போகும் ஒரு பெண் படித்துத் தன் தகப்பனாருக்குத் தமிழில் சொல்லலாம். நம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் எழுதலாம். வக்கீல் கோர்ட்டில் காட்டலாம். பூட்டியிருந்தால் இவற்றில் ஒன்றும் நடவாது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தன் வெளியீடுகளைத் திறந்த களஞ்சியமாக வைத்திருப்பதை இந்த இடத்தில் பாராட்ட வேண்டும். எந்தக் கரையில் எந்த மீன் குறைகிறது என்பதை அங்கே காசில்லாமல் பார்க்கலாம்.

வீட்டில் கலாசாலைப் பிள்ளைகள் இருந்தால், இன்னும் இரண்டு வழிகளைச் சொல்லி வைக்கலாம். நம் நாட்டுச் சர்வகலாசாலைகளில் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆராய்ச்சி நூல்களை 'ஷோத்கங்கா' என்னும் களஞ்சியத்தில் இனாமாகப் படிக்கலாம். பூட்டிய கட்டுரை வேண்டுமானால், அதை எழுதிய விஞ்ஞானிக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுப் பார்க்கலாம். பலரும் சந்தோஷமாக அனுப்பி வைக்கிறார்கள். கணிதப் பித்துள்ள பிள்ளையாக இருந்தால் ஹார்டி - ராமானுஜம் சஞ்சிகையையும் காட்டலாம். ஆர். பாலசுப்பிரமணியன், கே. ராமச்சந்திரா என்ற இரு கணித அறிஞர்கள் 1978-இல் தொடங்கியது அது. ராமானுஜம் பிறந்த டிசம்பர் 22-ஆம் தேதியையே இதழ் வெளியாகும் நாளாக வைத்துக் கொண்டார்கள். எழுதுகிறவரிடமும் காசு வாங்குவதில்லை; படிக்கிறவரிடமும் வாங்குவதில்லை.