பசிக்கு எதுக்குங்க பேனர்?

வடலூர் போயிருக்கிறீர்களா? தருமசாலையில் வள்ளலார் 1867, மே 23-ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பந்தியில் உட்கார்ந்தால் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று யாரும் கேட்பதில்லை. பசியா, உட்காரு... அவ்வளவுதான்!

எங்கள் தெரு அன்னதானம் வேறு ரகம். அண்டா சின்னது, பேனர் பெரிசு. தலைவர் பிறந்த நாளென்றால், பொட்டலத்தை நீட்டிய கை போட்டோ எடுக்கும்வரை அப்படியே நிற்கும். 'பெரியவரே, கேமராவைப் பாருங்க!' என்று அதட்டல் வேறு. போன மாசம் ஒரு பாட்டி வாங்காமலே நகர்ந்தார்.

"ஏம்மா, பசிக்கலையா?"

"பசிக்குது சாமி. போட்டோ வாட்ஸ்அப்புல போயிட்டா, எம் மவன் சோறு போடலைன்னுல்ல ஊரு பேசும்? பாவம், அவனுக்கே இப்ப வேலையில்ல."