பிரவுசரில் வருகிறது, கட்டளையில் வர மறுக்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பைல்களை டவுன்லோட் செய்திட பிரவுசரையே பயன்படுத்துகின்றனர். ஆனால் கட்டளைகளை டைப் செய்து என்டர் தட்டினால் பைலைக் கொண்டுவந்து தரும் புரோகிராம்களும் உண்டு. அவற்றில் இரண்டு மிகவும் பிரபலம். ஒன்று, 1996ல் வெளியான டபிள்யூகெட். மற்றொன்று, 1998 முதல் இந்தப் பெயரில் வரும் கர்ல். லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இவை இருக்கும். விண்டோஸ் 10 தொகுப்பில் 2018 முதல் கர்ல் இணைந்தே வருகிறது.

நான் இவற்றைத் தொடுவதே இல்லை என்கிறீர்களா? சில சாப்ட்வேர்களை இன்ஸ்டால் செய்திடும்போது, அவை உங்களிடம் சொல்லாமலே பின்னணியில் இந்த இரண்டில் ஒன்றை இயக்கித்தான் தேவையான பைல்களைப் பெறுகின்றன. எனவே இவற்றில் வரும் சிக்கல் உங்களுக்கும் வரலாம்.

அண்ணாச்சி கடைக் குறிப்பு

சிக்கலுக்கு ஒரு முக்கியக் காரணம், உங்கள் சொந்த அமைப்பு பைல். இதை ஓர் எடுத்துக்காட்டு மூலம் பார்ப்போம். அண்ணாச்சி கடையில், "இந்த வீட்டுக்குச் சீனி வேண்டாம், வேம்பார் கருப்பட்டிதான்" என்று தாத்தா எப்போதோ எழுதி வைக்கச் சொன்னார். தாத்தா மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது நீங்கள் பையனை அனுப்பி "இனிப்புக்கு ஒரு கிலோ" என்றால் கருப்பட்டிதான் வரும். பையன் மீதும் தப்பில்லை, அண்ணாச்சி மீதும் தப்பில்லை. பழைய குறிப்பு வேலை செய்கிறது.

டபிள்யூகெட்டும் அப்படித்தான். இயங்கத் தொடங்கியதும் முதலில் கம்ப்யூட்டர் முழுமைக்குமான அமைப்பு பைலைப் படிக்கும். பிறகு உங்கள் ஹோம் போல்டரில் டபிள்யூகெட்ஆர்சி என்ற பைல் இருந்தால் அதைப் படிக்கும். அதன் பிறகே நீங்கள் டைப் செய்த கட்டளையைப் பார்க்கும். கட்டளையில் நீங்கள் தெளிவாகச் சொன்னது செல்லும். சொல்லாமல் விட்டதை எல்லாம் குறிப்பு பைல் நிரப்பிவிடும். கர்லுக்கு இதே போல கர்ல்ஆர்சி என்ற பைல் உண்டு.

இவற்றின் பெயர் ஒரு புள்ளியுடன் தொடங்கும். லினக்ஸில் புள்ளியுடன் தொடங்கும் பைல்கள் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

குளத்தூரில் நடந்தது

சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி லேப்டாப்புடன் வந்தார். "அண்ணே, பிரவுசர்ல எல்லாம் வருது. ஆனா இந்த சாப்ட்வேர் மட்டும் அப்படியே நிக்குது. கோவில்பட்டியில காட்டினேன், பார்மட் பண்ணணும்னு சொல்லிட்டாங்க" என்றார். அந்த லேப்டாப்பில்தான் இரண்டு பருவமாகக் கரிசல் காட்டில் அவர் எடுத்த பருத்தி இலைப் படங்கள் இருந்தன. இறுதியாண்டு பிராஜக்ட்டே அதுதான். வேறு நகல் இல்லை.

ஹோம் போல்டரில் பார்த்தேன். டபிள்யூகெட்ஆர்சி பைலில் ஒரே ஒரு வரி. கல்லூரி ஆய்வகத்தின் ப்ராக்ஸி சர்வர் முகவரி. ஆய்வகத்தில் இன்டர்நெட் கிடைக்க யாரோ சீனியர் எழுதிக் கொடுத்தது. வீட்டிலோ அந்த சர்வர் கிடையாது. டபிள்யூகெட் அதையே தேடிக் காத்திருந்தது. இணைப்பு கிடைக்காவிட்டால் வழக்கமாக 20 முறை வரை அது முயற்சிக்கும். பார்ப்பவர்களுக்கு எல்லாம் நின்றுபோனது போலத் தோன்றும். பிரவுசருக்கு அதன் ப்ராக்ஸி அமைப்பு தனி என்பதால் அது ஒழுங்காக இயங்கியது. அந்த வரியை நீக்கியதும் இன்ஸ்டால் முடிந்தது. படங்களும் பிழைத்தன.

இன்னும் இரண்டு ஆபத்தான வரிகள்

முதலாவது, "விட்ட இடத்திலிருந்து தொடர்" என்ற வரி. பாதியில் நின்ற டவுன்லோடுக்கு இது நல்லது. ஆனால் உங்களிடம் 40 எம்பி அளவில் பழைய பைல் இருக்கிறது. சர்வரில் அதே பெயரில் 45 எம்பி அளவில் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று வையுங்கள். டபிள்யூகெட் கடைசி 5 எம்பியை மட்டும் வாங்கிப் பழையதோடு ஒட்டிவிடும். அளவு சரியாக இருக்கும், பைல் திறக்காது.

இரண்டாவது, "சர்வர் சான்றிதழைச் சோதிக்காதே" என்ற வரி. யாரோ ஒரு பிழையிலிருந்து தப்பிக்க எழுதியிருப்பார்கள். அது இருக்கும் வரை, போலித் தளம் இடையில் புகுந்து வேறு பைலைக் கொடுத்தாலும் டவுன்லோட் நிற்காது. இதை உடனே நீக்கிவிடுங்கள்.

கண்டுபிடிப்பது எப்படி?

1. டபிள்யூகெட் என டைப் செய்து, இடைவெளி விட்டு, இரண்டு கழித்தல் குறிகளும் "வெர்ஷன்" என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்து என்டர் தட்டுங்கள். எந்த அமைப்பு பைலைப் படிக்கிறது என்பதை அதுவே காட்டும்.

2. கட்டளையில் இரண்டு கழித்தல் குறிகள், "நோ", ஒரு கழித்தல் குறி, "கான்பிக்" என்பதை இடைவெளியின்றிச் சேர்த்து அதே பைலை மீண்டும் கேளுங்கள். அமைப்பு பைல்களைப் படிக்காமல் இயங்கும். இப்போது வந்துவிட்டால், குற்றவாளி அந்த பைல்தான்.

3. கர்லுக்கு ஒரு கழித்தல் குறியும் சிறிய க்யூ எழுத்தும். இது கர்ல் என்ற சொல்லை அடுத்து முதலாவதாக வர வேண்டும். இடம் மாறினால் பயனில்லை. விண்டோஸில் இதை கமாண்ட் ப்ராம்ப்ட்டில் செய்திடவும். விண்டோஸ் பவர்ஷெல்லில் கர்ல் என்ற பெயர் வேறொரு கட்டளையைக் குறிக்கும்.

4. அப்போதும் வரவில்லையா? ப்ராக்ஸி முகவரி சிஸ்டத்தின் சூழல் மாறிகளிலும் இருக்கலாம். டபிள்யூகெட்டில் இரண்டு கழித்தல் குறிகள், "நோ", ஒரு கழித்தல் குறி, "ப்ராக்ஸி" என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பைலைக் கண்டுபிடித்ததும் அழித்துவிட வேண்டாம். லினக்ஸின் பைல் மேனேஜர்கள் பலவற்றில் கண்ட்ரோல் கீயுடன் எச் கீயை அழுத்தினால் மறைந்தவை தெரியும். பைலின் பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். அல்லது சந்தேகப்படும் வரியின் தொடக்கத்தில் ஹாஷ் குறி இடுங்கள். அந்த வரி செயல்படாது. தேவைப்பட்டால் குறியை நீக்கிக் கொள்ளலாம். இந்த பைல்களில் சிலர் ப்ராக்ஸி பாஸ்வேர்டையும் எழுதியிருப்பார்கள். அது அப்படியே படிக்கும்படி இருக்கும் என்பதால், நண்பர்களுக்கு நகல் கொடுக்கும் முன் பார்த்துக் கொள்ளுங்கள்.

மேக் கம்ப்யூட்டர்களில் பிரபலமான ஹோம்ப்ரூ என்ற சாப்ட்வேர், கர்லை இயக்கும்போது பயனாளரின் கர்ல்ஆர்சி பைலைப் படிக்க வேண்டாம் என்று தானே சொல்லிவிடுகிறது. எல்லா சாப்ட்வேர்களும் அந்த முன்ஜாக்கிரதையை எடுப்பதில்லை. எனவே யாராவது பார்மட் செய்யச் சொன்னால், முதலில் உங்கள் பைல்களை ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். அடுத்து ஹோம் போல்டரில் புள்ளியுடன் தொடங்கும் பைல்களைத் திறந்து பாருங்கள். ஒரு வரியை மாற்றினாலே வேலை முடிந்துவிடலாம்.