அடைமழைக்கு முன் தண்ணீர்த் தொட்டி

ஐப்பசியும் கார்த்திகையும் நமக்கு அடைமழைக் காலம். புரட்டாசி பிறந்ததுமே அரிசி, பருப்பு மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றுவதிலும், கிடங்குக் கூரையின் ஒழுக்கை அடைப்பதிலும் நம் வணிகர்கள் கவனமாக இருக்கிறார்கள். ஆனால் கடையின் மொட்டை மாடியில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பவர் சிலரே. கடை ஆட்கள் குடிப்பதும், கை கழுவி மாவையும் வெல்லத்தையும் தொட்டு நிறுப்பதும் அந்தத் தண்ணீரால்தான்.

சோழவரம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. அவ்வளவு பெரிய ஏரிக்கே பருவமழைக்கு முன் கரையும் மதகும் பார்க்கப்படுகின்றன. 1,000 லிட்டர் தொட்டிக்கு நாம் ஒரு நாள் ஒதுக்கக் கூடாதா?

கழுவும் முறை

முதலில் தண்ணீரை வடித்து, அடியில் தங்கிய சேற்றை அள்ளிவிட வேண்டும். பிறகு உட்சுவரை நன்றாகத் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் நீரை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் பெருகும். அதன் முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்; மீண்டும் நீர் ஏறியதும் பொரிக்கும்.

தேய்த்த பின், 1,000 லிட்டருக்கு சுமார் 150 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் கரைத்து ஊற்றித் தொட்டியை நிரப்புங்கள். குழாய்களைத் திறந்து, குளோரின் வாடை வந்ததும் மூடி, ஓர் இரவு விட்டு விடுங்கள். இந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. மறுநாள் முழுவதும் வடித்து, நல்ல நீரால் அலசுங்கள். வடிக்கும் நீர் ஏரி, குளத்தில் சேராமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

அன்றாடம் குடிக்கும் நீருக்கு அளவு வேறு: 1,000 லிட்டருக்கு 4 கிராம் போதும். பவுடரைக் கொஞ்சம் நீரில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.

தரையடித் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளைத் தனியாக இறக்காதீர்கள். மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விட்டாலும், உள்ளே மூச்சை அடைக்கும் காற்று தங்கியிருக்கலாம். வெளியே நின்றே நீண்ட கைப்பிடித் தூரிகையால் தேய்ப்பது நல்லது.

வெள்ளமும் புயலும்

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நம் பகுதி மறந்திருக்காது. வெள்ளம் ஏறினால் சாக்கடையும் சேர்ந்து தரையடித் தொட்டிக்குள் இறங்கும். ஆகவே மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். மோட்டாரையும் சுவிட்சையும் உயரத்தில் வைக்க வேண்டும். வெள்ளம் புகுந்த தொட்டியை மேலே சொன்ன முறையில் கழுவாமல் தொடக் கூடாது.

மேல்தொட்டியைப் புயல் நேரத்தில் காலியாக விடாதீர்கள். 1,000 லிட்டர் நீர் நிறைந்த தொட்டி ஒரு டன் எடை. காலிப் பிளாஸ்டிக் தொட்டியைக் காற்றே தூக்கிவிடும். பனி பெய்யும் மேலைநாடுகளில் தோட்டத்தில் தரைமேல் நிறுத்தும் நீச்சல் தொட்டிகளைக் குளிர்காலத்துக்கு முன் சுத்தம் செய்து, குளோரின் இட்டு, பம்பிலுள்ள நீரை வடித்து, மேலே உறையிட்டு மூடுகிறார்கள். அவர்களும் தொட்டியை முழுதாகக் காலி செய்வதில்லை, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

விற்கும் சரக்கும் நம் பொறுப்பு

மழைக்காலத்தில் ஊரார் பிளீச்சிங் பவுடர் வாங்குவது நம்மிடம்தான். ஈரமும் வெப்பமும் வெளிச்சமும் பட்டால் அதன் வீரியம் குறைந்துகொண்டே போகும். பிரித்த மூட்டையில் ஆறு மாதம் கிடந்ததை விற்றால், வாங்கியவர் அளவு சரியாகப் போட்டும் கிருமி சாகாது. தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள். சிறிய பொட்டலமாக, காற்றுப் புகாமல் வையுங்கள். பழையதை முதலில் தள்ளிவிடும் வழக்கம் வேண்டாம், வீரியம் போனதை ஒதுக்குங்கள். எண்ணெய், மண்ணெண்ணெய் அருகில் வைத்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. கழிவறை கழுவும் ஆசிட்டோடு கலந்தால் நச்சுவாயு கிளம்பும். தேயிலை, மாவுச் சரக்குப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான 2011ஆம் ஆண்டு விதிமுறைகளும் தண்ணீர்த் தொட்டியை உரிய இடைவெளியில் கழுவிப் பதிவு வைக்கச் சொல்கின்றன. கழுவிய தேதியை ஒரு நோட்டில் குறித்து வைத்தால் அதிகாரி கேட்கும்போது கையில் காட்டலாம். செலவு சில நூறு ரூபாய். கடையில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் ஷட்டர் இறங்கினால் ஆகும் நஷ்டத்தை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.