தேரை நகர்த்தும் தரை

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளும் ரெங்கமன்னாரும் எழுந்தருளிய பெருந்தேர், ஆயிரக்கணக்கான பக்தர்கள் வடம் பிடிக்க, ரத வீதிகளில் அசைந்து வருவதைத் தரிசிப்பவர்கள், இழுப்போரின் கைகளோடு அவர்களுடைய கால்களையும் சற்றுக் கவனிப்பார்களாயின், பள்ளியில் ஒரு வரியாகப் படித்து மறந்துவிட்ட ஒரு நியதி எத்துணை ஆழமுடையது என்பதை அங்கேயே கண்டுகொள்ளலாம்.

1687-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிரின்சிபியா’ என்னும் லத்தீன் நூலில் ஐசக் நியூட்டன் வகுத்த இயக்க விதிகளுள் மூன்றாவது யாதெனில், ஒரு பொருள் மற்றொன்றின்மீது விசையைச் செலுத்தும்போது, அந்த மற்றொன்றும் முதற்பொருளின்மீது, அளவில் சமமாகவும் திசையில் நேர் எதிராகவும், அதே கணத்தில் விசையைச் செலுத்துகிறது என்பதாகும். இவ்விரண்டனுள் ஒன்றை வினை என்றும் மற்றதை எதிர்வினை என்றும் வழங்குகிறோமாயினும், ஒன்று நிகழ்ந்த பின்னர் மற்றது நிகழ்வதில்லை. இரண்டும் ஒருங்கே தோன்றி ஒருங்கே மறைவன.

இதைக் கற்கும் மாணவனுக்கு நியாயமான ஒரு சந்தேகம் எழும். வடத்தின் வழியாக மக்கள் தேரை எவ்வளவு விசையுடன் முன்னே இழுக்கிறார்களோ, அவ்வளவு விசையுடன் தேரும் அவர்களைப் பின்னே இழுக்கிறது என்றால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தேர் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டுமன்றோ? இந்தச் சந்தேகத்தை நீக்கும் திறவுகோல் ஒன்றே: அவ்விரு விசைகளும் ஒரே பொருளின்மீது செயல்படவில்லை. தேர் நகருமா என்பதை அறியத் தேரின்மீது விழும் விசைகளை மட்டுமே கணக்கிடவேண்டும். வடத்தின் இழுப்பு, அச்சிலும் சக்கரத்தடியிலும் எழும் தடையை விஞ்சிய கணத்தில் தேர் அசையத் தொடங்குகிறது.

அங்ஙனமாயின், தேரால் பின்னே இழுக்கப்படும் மக்கள் முன்னேறுவது எவ்வாறு? அவர்கள் பாதங்களை ஊன்றி வீதியைப் பின்னோக்கித் தள்ளுகிறார்கள். வீதி அவர்களை முன்னோக்கித் தள்ளுகிறது. தரைக்கும் பாதத்துக்கும் இடையே உள்ள உராய்வினால் கிடைக்கும் இந்தத் தள்ளுதலே வடம் பிடிப்போருக்கு ஆதாரம். மழையில் நனைந்து வழுக்கும் தரையில், தோள்வலிமை சிறிதும் குறையாதிருந்தும், இழுப்பு பயனற்றுப் போவதற்குக் காரணம் இதுவே. தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தின் முன்னே முட்டுக்கட்டை இடும்போதும் இதே நியதியைக் காண்கிறோம்: சக்கரம் கட்டையை அழுத்த, கட்டை சக்கரத்தைத் திருப்பி அழுத்துகிறது.

நிலையில் நிற்கும் தேரைக் கொண்டு, கற்றோரும் இடறும் ஓர் இடத்தைக் காட்டலாம். தேரின் எடை கீழ்நோக்கியும், தரையின் தாங்குவிசை மேல்நோக்கியும் சமமாக இருப்பதைக் கண்டு, இவையே வினையும் எதிர்வினையும் எனப் பலர் எழுதிவிடுகின்றனர். அது தவறு, ஏனெனில் இரண்டுமே தேர் என்னும் ஒரே பொருளின்மீது செயல்படுகின்றன. எடை என்பது பூமி தேரை ஈர்க்கும் விசை. ஆதலின் அதன் இணை, தேர் பூமியை ஈர்க்கும் விசையேயாகும். பூமியின் நிறை அளவிறந்தது என்பதால் அந்த ஈர்ப்பின் பலன் நமக்குப் புலப்படுவதில்லை. தரை தேரைத் தாங்கும் விசைக்கு இணையோ, தேர் தரையை அழுத்தும் விசை.

இந்த நியதி தேருக்கு மட்டும் உரியதன்று. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பை அடுத்த மலைக்காட்டில், 1988-இல் சரணாலயம் அமைத்துக் காக்கப்பட்ட சாம்பல் நிற அணில், தரையிறங்காமல் மரத்துக்கு மரம் தாவுவதைப் பாருங்கள். அது கிளையைப் பின்னே உதைக்க, கிளை அதை முன்னே எறிகிறது. அணில் அகன்றதும் கிளை ஆடுவது, உதை அதன்மீதும் விழுந்தது என்பதற்குப் பிரத்தியட்சச் சான்று. இராஜபாளையத்துக்கு அருகே பேண்டேஜ் துணிக்குப் பேர்பெற்ற சத்திரப்பட்டியில், ஊடிழையைத் தாங்கி ஓடும் நாடாவைக் கொண்டு நெய்யும் விசைத்தறியும் இதையே உரைக்கிறது. தறி நாடாவை ஒரு பக்கம் அடித்து விரட்டும் ஒவ்வொரு முறையும், நாடா தறியை மறுபக்கம் தள்ளுகிறது. தறியைத் தரையோடு இறுகப் பிணைத்து வைப்பது, ஓயாது விழும் அந்த எதிர்த்தள்ளுதலைத் தரை ஏற்கும்பொருட்டே.

ஆகவே, எந்த விசையைக் கண்டாலும், எந்தப் பொருள் எந்தப் பொருளின்மீது அதைச் செலுத்துகிறது என்று முதலில் ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்து, பின்பு அவ்விரு பெயர்களையும் இடம் மாற்றிச் சொன்னால், அதன் இணை தானே வெளிப்படும். இந்தப் பயிற்சி கைவந்த மாணவன், தனித்து நிற்கும் விசை என்று ஒன்று இவ்வுலகில் இல்லை என்பதையும், பிறிதொன்றைப் பற்றி உந்தாமல் எவரும் ஓர் அடிகூட எடுத்துவைக்க இயலாது என்பதையும் சந்தேகமற அறிவான்.