பழைய கணிப்பொறியின் பொருத்துவாய்கள்



தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ பழைய இரும்புக் கடைப் பக்கம் போனால், ஓட்டை உடைசல்களுக்கிடையே கழித்துக் கட்டிய கணிப்பொறிகளும் கிடப்பதைக் காணலாம். 1980-களிலோ 1990-களின் முற்பகுதியிலோ செய்யப்பட்ட பொறி ஒன்று அகப்பட்டால், அதன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். தாய்ப்பலகையின் ஓரத்தில் நீண்ட கறுப்புக் கட்டைகள் சில வரிசையாக நிற்கும். கட்டையின் நடுவே ஒரு பிளவு. பிளவின் இரு மருங்கிலும் பல்வரிசைபோல் உலோக நாக்குகள். கடைக்காரர் இதனை ‘ஸ்லாட்’ என்பார். நாம் பொருத்துவாய் என்று சொல்வோம். நாக்குகளின் மேலுள்ள மெல்லிய தங்க முலாமுக்காக இவற்றை அமிலத்தில் இட்டுக் கரைப்பவர்களும் உண்டு. அந்தக் கதிக்கு ஆளாகுமுன் இவற்றை நாம் என்ன செய்யலாம் என்பதே இன்றைய பேச்சு.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோது, அதில் இத்தகைய வாய்கள் ஐந்து இருந்தன. ஒவ்வொரு வாயிலும் பக்கத்துக்கு 31 ஆக 62 தொடுமுனைகள். எந்த முனையில் எந்தக் கம்பி வருகிறது என்பதை அந்நிறுவனம் நூலாகவே அச்சிட்டு விற்றது. அதனால் யார் வேண்டுமானாலும் அந்த வாயில் செருகத்தக்க அட்டையைச் செய்ய முடிந்தது. 1984-இல் மேலும் 36 முனைகள் சேர்ந்தன. பிற்காலத்தில் இந்த ஏற்பாடு ஐ.எஸ்.ஏ. என்று பெயர் பெற்றது. 2000-ஆம் ஆண்டையொட்டிச் சாதாரணக் கணிப்பொறிகளிலிருந்து அது மறைந்துவிட்டது.

காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் இயல்பை விளக்குவது எளிது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நீர் பிரிகிறது. தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிறது. எந்த மதகை எப்போது திறப்பது என்பதே பாசனத்தின் உயிர்நிலை. கணிப்பொறியிலும் செயலி என்னும் தலைமைச் சில்லிலிருந்து கிளம்பும் கம்பிகள் எல்லாப் பொருத்துவாய்களையும் தொட்டுக்கொண்டு ஓடுகின்றன. இக்கம்பித் தொகுதிக்குப் பாட்டை என்று பெயர். முகவரிக் கம்பிகள் இருபதும் ‘எந்த மதகு’ என்பதைச் சொல்லும். தரவுக் கம்பிகள் எட்டும் நீரைச் சுமக்கும். நினைவகத்தைப் படி, அதில் எழுது, வெளிக் கருவியைப் படி, அதில் எழுது என்னும் கட்டளைகளுக்கு நான்கு கம்பிகள்.

உவமையை இதற்குமேல் இழுப்பது தகாது. வாய்க்காலில் தலைமடைக்காரர் எடுத்தது போக மிஞ்சியதே கடைமடைக்கு வரும். பாட்டையிலோ முதல் வாயில் தெரியும் செய்தி கடைசி வாயிலும் அப்படியே தெரியும். கடைமடைக்காரர் மனுக் கொடுக்க வேண்டியதில்லை! ஆயினும் முறைப்பாசனம் இங்கும் உண்டு. ஒரு நேரத்தில் ஓர் அட்டைதான் தரவுக் கம்பிகளில் பேசலாம். இரண்டு ஒருங்கே பேசி, ஒன்று கம்பியை உயர்த்த மற்றொன்று தாழ்த்தினால், செய்தி குழம்புவதோடு சில்லும் சூடேறிக் கெடும். ஆகையால் முறை வராத அட்டை தன்னைக் கம்பியிலிருந்து துண்டித்துக்கொண்டு நிற்கும்படி அமைக்கிறார்கள்.

கழிக்கப்பட்ட சாமானைக் கொண்டு கணிப்பொறி செய்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1953-இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சமரேந்திர குமார் மித்ரா, பத்து அறியாக் கணியங்கள் கொண்ட ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் மின்னணுப் பொறி ஒன்றை அமைத்தார். உலகப் போருக்குப்பின் வேண்டாமென்று விற்கப்பட்ட சாமான்களிலிருந்தும் அதற்கு உறுப்புகள் திரட்டப்பட்டன. அது மின்னழுத்தத்தின் அளவையே எண்ணாகக் கொண்ட ஒப்புமைப் பொறி. நாம் பேசும் வகையன்று. ஆனால் வழி ஒன்றே.

வீட்டில் செய்யும் கணிப்பொறிக்குப் பழைய பொருத்துவாயை இருவகையில் கொள்ளலாம். வாயை வெறும் இணைப்பானாகக் கொண்டு, கம்பிகளை நம் விருப்பப்படி ஒதுக்கிக்கொள்வது ஒரு வகை. பழைய ஒதுக்கீட்டையே காத்து, பழைய அட்டைகளும் வேலை செய்யும்படி அமைப்பது மற்றொரு வகை. முதலாவது எளிது. எனினும் மாணவர்களுக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். பிறர் வகுத்த ஒழுங்குக்கு நம் வேலையைப் பொருத்தும் பயிற்சி அதில்தான் கிடைக்கிறது.

என் மேசைமேல் உள்ள பொறியின் செயலி இஸட்-80 என்னும் சில்லு. அதற்கு முகவரிக் கம்பிகள் 16 மட்டுமே. ஆகவே எஞ்சிய நான்கு முனைகளையும் சுழி நிலையில் கட்டிவிட்டேன். பாட்டை கேட்கும் நான்கு கட்டளைகளை இந்தச் சில்லு நேராகத் தருவதில்லை. நினைவகம், வெளிக் கருவி, படி, எழுது என்ற நான்கு குறிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அவற்றைப் பெறவேண்டும். இக்குறிகள் தாழ்நிலையில்தான் செயற்படுவன. எனவே ‘அல்லது’ வாயில்கள் நான்கு போதும். 74எல்எஸ்32 என்னும் மலிவான சில்லு ஒன்றினுள் சரியாக நான்கு வாயில்கள் உள்ளன! தொடக்கநிலைக் குறியை மட்டும் தலைகீழாக்க வேண்டும். இஸட்-80 அதைத் தாழ்நிலையிலும் பாட்டை உயர்நிலையிலும் எதிர்பார்க்கின்றன.

ஓர் எச்சரிக்கை. பழைய பெட்டியில், அட்டையின் முனையிலுள்ள உலோகத் தகடு அதைத் திருப்பிச் செருகவிடாமல் தடுத்தது. மேசைமேல் திறந்து கிடக்கும் பலகையில் அந்தக் காவல் இல்லை. 62 முனை அட்டையைத் திருப்பிச் செருகினால் 12 வோல்ட் மின்னழுத்தம் அட்டையின் முகவரிக் கம்பி ஒன்றில் ஏறும். 5 வோல்ட்டுக்கென அமைந்த சில்லுகள் நொடியில் மடியும். வாயின் ஒரு முனையில் வண்ணம் தீட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். அட்டையின் விளிம்பை முதலில் பென்சில் அழிப்பானால் தேய்த்துத் துடைப்பதும் நன்று.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்கலாம். அன்றைய பாட்டையின் துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 48 இலட்சம். அந்த வேகத்தில், கையால் பற்றவைத்த கம்பியும் செய்தியைப் பிழையின்றிச் சுமக்கும். 2003-இல் வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இணைப்பில் ஒரு தடத்தில் நொடிக்கு 250 கோடி துடிப்புகள். அங்கே கல்லூரி மாணவர் கையால் கம்பி கட்டிய பலகைக்கு இடமில்லை. வாங்கியதைச் செருகலாம், செய்ததைச் செருக முடியாது.

முதற்சோதனைக்குப் பழைய அச்சுப்பொறி அட்டை ஒன்று போதும். அதன் முகவரி பெரும்பாலும் 888. இஸட்-80-இன் ‘பி’ பதிவகத்தில் 3, ‘சி’ பதிவகத்தில் 120 வைத்து வெளியீட்டுக் கட்டளை கொடுத்தால், 3 × 256 + 120 என அந்த எண் முகவரிக் கம்பிகளில் எழும். அட்டையின் எட்டு வெளியீடுகளிலும் தக்க மின்தடைகளோடு எட்டுச் சிறு விளக்குகளைக் கட்டுங்கள். 1 அனுப்பினால் ஒரு விளக்கும் 255 அனுப்பினால் எட்டும் எரியவேண்டும். எரிந்தால், அடுத்த வாயில் தொடர் இணைப்பு அட்டையைச் செருகலாம். அதன் முகவரி 1016. அதற்கு இருபுற 12 வோல்ட்டும் தேவை. அதே கடையில் கிடக்கும் பழைய மின்வழங்கிப் பெட்டி அதைத் தரும்.