மிதித்தால் திக்கும் அம்பாஸடர்

அம்பாஸடர் காரை இன்றும் விடாப்பிடியாக வைத்துக்கொண்டிருப்பவர்கள் அதன் குறைகளைப் பெருமையோடு எடுத்துச் சொல்லுவதில் ஒருவித ஆனந்தம் அடைகிறவர்கள் என்றாலும், ஒரு குறையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர்கள் முகத்தில் உண்மையான வருத்தம் தென்படும். நிற்கும்போது இஞ்சின் சீராக ஓடுகிறது. மெதுவாகப் போனால் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் முன்னே செல்லும் லாரியைத் தாண்டிவிடலாம் என்று ஆக்ஸிலரேட்டரை மிதித்த அந்தக் க்ஷணத்தில், வண்டி பாய்வதற்குப் பதிலாக ஒருமுறை தயங்கி, இருமி, பிறகுதான் மனமிரங்கி நகர்கிறது. எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருக்கும் சமயத்தில் இந்தத் தயக்கம் வெறும் உபத்திரவமல்ல, ஆபத்தும் ஆகும்.

'பிக்கப் இல்லை' என்ற ஒரு வார்த்தையோடு வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வருவதே பெரும்பாலோருடைய வழக்கம். மெக்கானிக்கும் தமக்குப் பழகிய வரிசையில் பிளக், பாயிண்ட், கண்டன்சர், கடைசியில் கார்புரேட்டர் என்று மாற்றிக்கொண்டே போவார். என் அபிப்பிராயத்தில், ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய பரிசோதனை ஒன்று உண்டு. அது காசு செலவில்லாதது. மிதித்தவுடனேயே திக்குகிறதா, அல்லது சிறிது தூரம் நன்றாக இழுத்துவிட்டுப் பிறகு சோர்கிறதா என்று கவனிப்பதே அது. முன்னது, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையோ, பிளக்கின் நெருப்போ அந்த ஒரு கணத்தில் தவறுவதன் லக்ஷணம். பின்னது, பெட்ரோல் போதிய அளவு வந்து சேரவில்லை என்பதன் லக்ஷணம். குன்னூர் மலைப்பாதையில் பாதி ஏறியபின் வலுவிழக்கும் வண்டிக்குப் புதுப் பிளக் வாங்கிப் போடுவதில் யாதொரு பிரயோஜனமும் இல்லை. அதற்குப் பெட்ரோல் பில்டரையும், பம்பின் டயாப்ரத்தையும், டாங்கின் அடியில் சேர்ந்த துருவையும் பார்க்கவேண்டும்.

மிதித்தவுடன் திக்குவதுதான் சுவாரசியமான வியாதி. த்ராட்டில் சட்டென்று திறக்கும்போது காற்று லேசான பொருளாகையால் உடனே உள்ளே ஓடிவிடுகிறது. பெட்ரோலோ கனமானதாகையால், வீதியுலாவில் மேளக்காரர்கள் முன்னே போய்விடச் சப்பரம் பின்தங்கி வருவதுபோல, சற்றுத் தாமதித்தே வருகிறது. இந்த இடைவெளியை நிரப்பக் கார்புரேட்டருக்குக் கார்புரேட்டர் ஒரு யுக்தி உண்டு. பத்மினி காரில் இருந்ததைப் போன்ற சோலெக்ஸ் கார்புரேட்டரில், மிதித்த மாத்திரத்தில் பெட்ரோலைப் பீச்சியடிக்க ஒரு சிறு பம்பு இருக்கும். இஞ்சினை நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றி, த்ராட்டிலைக் கையால் தள்ளினால் தொண்டையில் மெல்லிய தாரை விழவேண்டும். விழாவிட்டால் அந்தப் பம்பின் டயாப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது அதன் ஜெட் அடைத்திருக்கலாம்.

1,489 கன சென்டிமீட்டர் அம்பாஸடரின் எஸ்.யு. கார்புரேட்டரில் அப்படிப்பட்ட பம்பு கிடையாது. இங்கிலாந்தில் காலணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஸ்கின்னர் சகோதரர்கள் இதை உருவாக்கியபோது, இன்று பிஸ்டன் இருக்கும் ஸ்தானத்தில் தோல் துருத்தியையே வைத்தார்களாம். குலத்தொழில் எங்கெல்லாம் கைகொடுக்கிறது பாருங்கள்! அந்தப் பிஸ்டன் காற்றின் இழுப்புக்கு ஏற்ப மேலேறும்போது, அதன் அடியிலுள்ள கூரிய ஊசி ஜெட்டிலிருந்து விலகிப் பெட்ரோலுக்கு வழிவிடுகிறது. பிஸ்டன் துள்ளி ஏறிவிட்டால் காற்று மிகுந்து கலவை நீர்த்துப்போகும். ஆகவே அதை நிதானமாக ஏறவைக்க, அதன் நடுக்குழாயில் சிறிது எண்ணெயும், அதில் மூழ்கிய டாம்பர் என்ற மெல்லிய தண்டும் வைத்திருக்கிறார்கள். இந்த எண்ணெய் தானாகவே மெல்லக் குறைந்துகொண்டிருக்கும். இஞ்சின் ஆயில் மாற்றும்போது இதை யாரும் நினைப்பதில்லை. கார்புரேட்டரின் உச்சியிலுள்ள சிறு மூடியைத் திருகித் தண்டோடு தூக்கி மீண்டும் இறக்கிப் பார்த்தால், மூடி தன் இடத்தில் உட்காரக் கால் அங்குலம் இருக்கும்போதே விரலுக்கு எதிர்ப்புத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் எஸ்.ஏ.இ. 20 எண்ணெயைச் சில துளிகள் விடுங்கள். மாதக்கணக்காக இருந்த திக்கல் அங்கேயே தீர்ந்துபோவதும் உண்டு.

தீரவில்லையென்றால், இஞ்சினை நிறுத்தி, டாம்பரை எடுத்துவிட்டு, பிஸ்டனை விரலால் உயர்த்தி விடவேண்டும்; அது 'டக்' என்ற ஒலியோடு விழவேண்டும். மெதுவாக வழுக்கி வந்தாலோ நடுவில் நின்றாலோ, உள்ளே அழுக்கு. பெட்ரோலில் கழுவித் துடைத்தால் போதும். உப்புத்தாள் வைத்துத் தேய்க்கும் அசட்டுத்தனம் வேண்டாம், ஏனெனில் அந்தப் பிஸ்டனும் அதன் மேல்கூடும் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்யப்பட்டவை. கலவையைச் சோதிப்பதும் எளிதே. இஞ்சின் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போது பிஸ்டனை நூலளவு உயர்த்த, வேகம் ஒருகணம் கூடித் தணிந்தால் சரி. கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். இஞ்சின் அடங்கிப்போனால் பெட்ரோல் குறைவு, அல்லது கேஸ்கெட் வழியாகவோ தேய்ந்த த்ராட்டில் தண்டு வழியாகவோ திருட்டுக் காற்று நுழைகிறது.

கார்புரேட்டரைப் பற்றி இவ்வளவு சொல்லியும், அதன்மீது சுமத்தப்படும் பழிகளில் கணிசமான பகுதி டிஸ்ட்ரிபியூட்டருக்கே உரியது என்பதை மறைக்கக்கூடாது. த்ராட்டில் திறந்து சிலிண்டரில் அழுத்தம் மிகும்போது, பிளக்கின் இடைவெளியைத் தாண்ட மின்சாரத்துக்கு அதிக வலிமை தேவைப்படுகிறது. ஆதலால் காயிலோ கண்டன்சரோ தளர்ந்த வண்டி, நிற்கையில் சாதுவாக ஓடி, மிதிக்கையில் மட்டும் தவறும். பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலமும், பிளக் இடைவெளி 0.025 அங்குலமும் இருக்கின்றனவா என்று பீலர் கேஜ் வைத்துப் பார்த்துவிடலாம். கண்ணுக்கு அகப்படாதது வேறொன்று. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டைத் தாங்கும் தட்டு, வாக்குவம் இழுப்பு மாறுந்தோறும் சற்றுத் திரும்புகிறது; அதனோடு சேர்ந்து ஒரு குட்டி ஒயரும் ஒவ்வொரு முறையும் வளைகிறது. ஆண்டுகள் பல வளைந்து வளைந்து, மேலுறை முழுதாயிருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்துபோயிருக்கும். இஞ்சின் சும்மா ஓடும்போது இழைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும். மிதித்தவுடன் தட்டு திரும்ப, தொடர்பு அற்றுப்போகும். ஒயரைப் பற்றி மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல நீண்டால் குற்றவாளி அதுவே.

சித்திரை வைகாசியில் மட்டும் வரும் திக்கல் தனி ஜாதி. இந்த இஞ்சினில் கார்புரேட்டரும் சூடான எக்ஸாஸ்ட் மேனிபோல்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால், வெயிலில் நின்று கிளம்பும் வண்டியில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்கும். டிரைவர்கள் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி போடுவது மூடநம்பிக்கையல்ல. இப்போது வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலும் கவனிக்கத்தக்கது. எத்தனாலிலேயே பிராணவாயு அடங்கியிருப்பதால், பழைய பெட்ரோலுக்கென்று அமைத்த கலவை சற்று நீர்த்துவிடுகிறது. பழைய ரப்பர் குழாய்களும் டயாப்ரங்களும் அதைத் தாங்குவதில்லை. அவற்றை எத்தனாலுக்குத் தாக்குப்பிடிக்கும் ரகத்துக்கு மாற்றி, ஜெட்டின் நட்டைச் சிறிது இறக்கி வைப்பதே இதற்குப் பரிகாரம்.

அம்பாஸடர் தயாரான உத்தர்பாராத் தொழிற்சாலை 2014-இல் மூடப்பட்டுவிட்டது; அசல் பாகங்கள் இனி அங்கிருந்து வரப்போவதில்லை. ஆகவே, கார்புரேட்டரையே மாற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், வேறு வண்டியின் கார்புரேட்டரைப் பூட்டிக்கொண்டு அசலைப் பழைய சாமான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். டாம்பர் எண்ணெயையும் அந்தக் குட்டி ஒயரையும் முதலில் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.