கொல்பும் போக்கரும்: மனத்துக்கு ஒரு சோதனை

விளையாட்டுக்களை உடலுக்குரியவை, அறிவுக்குரியவை என இருவகையாகப் பிரித்தல் உலக வழக்கு. அவ்வழக்கின்படி கொல்ப் முதல்வகையிலும் போக்கர் இரண்டாம் வகையிலும் அடங்கும். ஒன்று பசும்புல் வெளியில் நடந்து ஆடப்படுவது. மற்றது மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படுவது. எனினும், ஆழ்ந்து நோக்குவோர்க்கு இவ்விரண்டும் மனத்தை ஒரே முறையிற் சோதிப்பன என்பது புலனாகும். அச்சோதனையின் இயல்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொல்ப் நம் மலைநாட்டுக்கு ஆங்கிலேயரோடு வந்தது. பதுளையிலிருந்து வெலிமடை வழியாக மேலேறினால் நாம் அடையும் நுவரெலியாவில் 1889ஆம் ஆண்டிலேயே கொல்ப் கழகம் நிறுவப்பட்டது. கடதாசியாட்டமோ அதற்கு முன்னரே இலங்கையிற் பரவியது. ஸ்கோப்பன், கிளாவர் என நாம் வழங்கும் பெயர்கள் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. போக்கரை அறியாதாரும் நம்மிடையே முந்நூற்றுநான்கு என்னும் ஆட்டத்தை அறிவர். முதலில் வரும் நான்கு கடதாசிகளை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்டுத் துரும்பைக் கவிழ்த்து வைக்கிறோம் அல்லவா? முழுவதும் தெரியுமுன் துணிய வேண்டிய அந்நிலையே போக்கரின் உயிர்நிலை.

இனி, கொல்பை நோக்குவோம். பந்து அசையாது கிடக்கிறது. அதனை எவரும் தடுப்பதில்லை. பதினெட்டுக் குழிகளையும் ஆடி முடிக்க ஏறக்குறைய நான்கு மணிநேரம் செல்லும். அதிற் பந்தை அடிப்பதற்குச் செலவாவது சில நிமிடங்களே. எஞ்சியது நடையும் நினைவுமாகும். வேகமாக வரும் பந்தை எதிர்கொள்ளும் கிரிக்கெட் வீரனுக்கு அஞ்சுவதற்கும் நேரமில்லை. கொல்ப் ஆடுவோனுக்கோ சென்ற அடியை எண்ணி வருந்தவும், வரும் அடியை எண்ணி நடுங்கவும் போதிய அவகாசம் உண்டு. போக்கரும் அத்தகையதே. தேர்ந்த ஆட்டக்காரர் தமக்கு வரும் கைகளிற் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டுக் காத்திருப்பர். காத்திருக்கும் வேளையில் மனத்தைக் காத்தலே இரண்டிலும் அரிய செயல்.

முதற் சோதனை, செயலையும் பயனையும் வேறுபிரித்து அறிதல். போக்கரின் ஒருவகையில் ஒவ்வொருவரும் இரண்டு கடதாசிகளைத் தனியே பெறுவர். ஐந்து பொதுவில் வைக்கப்படும். இரண்டு ஆஸ்களைப் பெற்றவன், இன்னதென்று அறியாத ஒரு கையுடன் இறுதிவரை மோதினால் நூற்றுக்கு ஏறத்தாழ 85 முறை வெல்வான். எஞ்சிய முறைகளில் தோற்பான். அத்தோல்வி அவன் பிழையன்று. அவ்வாறே நேராக அடித்த பந்து ஒரு கல்லிற் பட்டுப் புதருட் செல்வதுமுண்டு. கோணலாக அடித்தது மரத்திற் பட்டுத் திரும்பி வருவதுமுண்டு.

ஊவாத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்தோர்க்கு இது புதிய செய்தியன்று. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகப்புகழ் பெற்ற மணத்தைத் தருகிறது. காலத்தில் கவாத்து வெட்டிப் பசளையிட்ட மலையாயினும், காற்றுத் தவறினால் மணம் குறையும். அதற்காக மறுவருடம் கவாத்தைக் கைவிடுவார் உளரோ?

இரண்டாவது சோதனை, இழப்பின்பின் எழும் சினம். இழந்ததை ஒரே வீச்சில் மீட்க முனைந்தவனுக்குத் தருமனே சான்று. நாட்டையிழந்து, தம்பியரை வைத்து, தன்னையும் வைத்தபின் பாஞ்சாலியையும் வைத்தான். அறநூல் அறியாமையால் அவன் கெடவில்லை. நிறுத்தும் ஆற்றலை இழந்தமையாற் கெட்டான்.

மூன்றாவது சோதனை வெற்றி அணுகும்போது வருவது. 1999ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் கார்னூஸ்டியில் நடைபெற்ற ஓப்பன் போட்டியிலே, பிரெஞ்சு வீரர் ழான் வான் டி வெல்ட் இறுதிக் குழியை ஆறு அடிகளில் முடித்திருந்தாலும் வென்றிருப்பார். அடக்கமாக ஆடாது துணிவாக அடித்தார், பந்து ஓடைநீரில் வீழ்ந்தது, ஏழு அடிகளாயின. பின்னர் நிகழ்ந்த மேலதிக ஆட்டத்தில் வெற்றி போல் லோரிக்குச் சென்றது.

இவற்றுக்கு மருந்து யாது? நளன் கதை ஒரு வழியைக் காட்டுகிறது. சூதில் நாடிழந்த நளன், இருதுபன்ன மன்னன் தான்றிமரத்தின் காய்களை எண்ணாமலே கணித்துக் கூறக் கண்டு வியந்து, தன் குதிரை வித்தையைக் கொடுத்து அவனது கணித வித்தையைப் பெற்றான். பின் இழந்ததை மீட்டான். ஊழென்று மயங்கியதை அளந்தறியும் அறிவே அவன் பெற்ற மருந்து. போக்கரைக் கணிதமுறையில் ஆராய்ந்த ஜோன் வொன் நொய்மன் 1944இல் மோர்கென்ஸ்டேர்னுடன் வெளியிட்ட நூல், ஆட்டக் கோட்பாடு என்னும் தனித்துறைக்கு வித்திட்டது.

இரண்டிற்கும் வேற்றுமையும் உண்டு. போக்கரிலே தன் நிலையை மறைப்பது ஆட்டத்தின் விதிக்குட்பட்டது. கொல்பிலோ தானே தனக்கு நடுவன். 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில், வேறெவரும் காணாத வகையிற் பந்து அசைந்ததாகக் கூறி பொபி ஜோன்ஸ் தமக்குத் தாமே ஓர் அடி தண்டம் விதித்தார். அந்த ஓரடியாற் பட்டம் நழுவியது.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்தது வீணன்று. சம்பள நாளின் இரவிலே பணம் வைத்தாடும் கடதாசி, மறுநாட் காலையில் லயத்து அடுப்பை அணைத்துவிடும். அரிசிக்குரிய பணம் மேசையில் இருக்கையில் எவருக்கும் மனம் அமைதியுறாது. அங்கே பயிற்சி ஏது? பணமின்றி ஆடினும் இப்பாடத்தைக் கற்கலாம்.

கொல்ப் செல்வர்க்கே உரியதென எண்ணுவோரும் உளர். டெல்லியிலே பிறர் கொல்ப் பையைச் சுமந்து தொழில் தொடங்கிய அலி ஷேர், 1991இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார். புல்லின் சாய்வை அறியும் கண்ணும் கலங்காத நெஞ்சும் குலத்தாலோ பொருளாலோ வருவனவல்ல.

மாணவர்களே, ஒரு பரீட்சையின் பெறுபேறு கண்டு கல்வியைக் கைவிடுவோர் நம் தோட்டங்களில் இன்றும் உளர். பெறுபேறு வந்ததும் முதலில் வினவவேண்டியது, “நான் உழைத்த முறை சரியானதா?” என்பதே. சரியாயின் அம்முறையைத் தொடர்க, தவறாயின் திருத்துக. இவ்விரண்டிலொன்றைச் செய்தபின் அடுத்த அடிக்கு ஆயத்தமாகுக.